அரை நூல் வித்தியாசம்

எங்கள் வீட்டில் நூல் என்றால் பஞ்சைத் திரித்து எடுப்பது ஒன்றுதான். அப்பா பீளமேட்டில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று அவர் வாயில் புழங்கும் எண்கள் நூலின் மென்மையைச் சொல்பவை என்பது, எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே எனக்குத் தெரியும். மாலையில் அவர் சட்டையைக் கழற்றி உதறினால் தரையில் நூல் துணுக்குகள் விழும். அம்மாவோ ஓய்ந்த நேரங்களில் குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்து, மேசை விரிப்புகளும் தட்டுமூடிகளும் பின்னிக்கொண்டிருப்பார். தச்சர்களும் பட்டறைக்காரர்களும் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து அதில் ஒரு பங்கையும் நூல் என்றே சொல்வார்கள் என்பதை நான் அறிந்தது சரவணம்பட்டியில் கல்லூரி முதலாண்டு படித்தபோது. மரவேலை வகுப்பில் ஆசிரியர் என் கையிலிருந்த கட்டையைப் பார்த்து, “அரை நூல் கூடிப்போச்சும்மா, இன்னொருக்கா இழைச்சு எடு” என்றார். இழைப்புளியைப் பிடித்தபடி நான் அசையாமல் நின்றேன். எட்டு வயதில் செய்த ஒரு காரியம் அந்தச் சொல்லோடு திரும்பி வந்து என் எதிரே நின்றது.

அப்போது அம்மாவின் தம்பி எங்களோடு இருந்தார். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பம்புசெட்டுப் பாகங்கள் கடைவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பார். ஆறு நாள் இயந்திர எண்ணெயில் ஊறிய விரல்களை ஏழாம் நாள் காலையில் எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். நகத்தடியில் மிச்சமிருக்கும் கறுப்பைப் பார்த்து, “இது மட்டும் பரலோகத்துக்கும் கூட வரும்போல இருக்குது கண்ணு” என்பார். அவரைப்போலச் சிரிக்க வைக்கிறவர் எங்கள் வீட்டில் வேறு யாரும் இல்லை.

அவருடைய கிட்டார் போத்தனூர் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டிடம் வாங்கியது. விற்ற கையோடு அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. சபைக்கும் ஒரு கிட்டார் இருந்தது. முன்னொரு காலத்தில் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்து தாய்நாடு திரும்பிய வெள்ளைக்கார நர்ஸம்மா விட்டுப்போனது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வடிவம். நர்ஸம்மாவுடையது பல ஆண்டுகள் மூத்தது, அவ்வளவுதான். மூத்ததற்கு மதிப்பு அதிகம் என்பதை யாரோ பெங்களூரிலிருந்து வந்தவர் ஒருநாள் சபையில் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை அந்தப் பழைய கிட்டாரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

கோயிலுக்கு வெள்ளையடித்த மாதத்தில், தூசு படாமல் இருக்கட்டும் என்று சபைக் கிட்டாரை மாமா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்ததைச் சும்மா வைத்திருந்தால் அவர் மாமா அல்லவே. இரண்டுக்கும் புதுக் கம்பி கட்டினார். இரண்டையும் மெருகெண்ணெய் போட்டுத் துடைத்தார். இரட்டைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி ஒரே சட்டை போட்டுவிட்டது போல, அழுக்கும் கீறலும் சொல்லிவந்த அடையாளங்களெல்லாம் போய்விட்டன. உள்ளே ஒட்டியிருந்த எண் சீட்டைப் பார்த்து ஆண்டைச் சொல்லிவிடலாம் என்றால், ஒன்றில் சீட்டு எப்போதோ உதிர்ந்துவிட்டது. மற்றொன்றில் ராமபாணப் பூச்சி தின்றது போக இரண்டு எழுத்துகள்தான் மீந்திருந்தன. தான் பட்ட சிரமத்துக்குப் பாராட்டு வரும் என்று எண்ணித்தான் மாமா சபைக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலர் அப்பாவை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க,” என்றார் செயலர். “நர்ஸம்மா கிட்டாரு சத்தம் எனக்குத் தெரியுமுங்க. இப்ப வந்திருக்கறது அதில்லீங்க. தம்பி கை மறதியா மாத்தி எடுத்துட்டாருங்களோ என்னமோ.”

“கை மறதியாங்க?” என்றார் அப்பா.

“அப்பிடித்தானுங்க சொல்லோணும். கமிட்டில நீங்களும் இருக்கறீங்க பாருங்க.”

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் திருடன் என்று சொல்வதற்கும் ‘ங்க’ போடுவார்கள். அந்த மரியாதைதான் எனக்கு முதலில் பயம் தந்தது. அப்பாவின் விரல் என் கைக்குள் சில்லிட்டிருந்தது.

அதன்பிறகு வீடு வேறு வீடாகிவிட்டது. ஈரோட்டுப் பக்கம் மாமாவுக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். அந்த வீட்டார் அடுத்த மாதம் வருவதாக இருந்தது. அவர்கள் காதுக்கு இது எட்டினால் என்னாகும் என்று அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. பின்னலை நாலு வரிசை போடுவார், பிரிப்பார், மறுபடி போடுவார். மாமா தன் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து, அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார். விஷயம் தீரும்வரை தொடுவதில்லை என்றார். போர்வைக்குள் அதன் தோளும் இடுப்பும் தெரிந்தன. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் நான் சுவரோடு ஒட்டி நடந்தேன்.

எங்கள் சபையின் ஆயர், இதைத் தீர்த்துவைக்க ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தார். மதுக்கரையில் சிமென்ட் ஆலையில் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய கிட்டார்களைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருப்பவர். அப்பா அவரைப் போய்ப் பார்த்துவிட்டு புதன்கிழமை மாலை திரும்பினார். சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்து அவர் சொன்னதை, பக்கத்தில் பாயில் படுத்துத் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்த நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

“சனிக்கிழமை வாராராம். ரெண்டுக்கும் அரை நூல்தான் வித்தியாசமாம். அரை நூல் ஜாஸ்தி இருந்தா அது மூத்தது, நர்ஸம்மாவோடது. கம்மியா இருந்தா பின்னால வந்தது.”

“நம்மூட்ல இருக்கறதுல ஜாஸ்தி இருந்துச்சுன்னா?” என்றார் அம்மா.

“இருந்துச்சுன்னா நான் என்னத்தப் பண்றது? அந்த அரை நூல்லதான் உன்ற தம்பி மானம் தொங்குது.”

கிட்டாரின் கம்பிகள் தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கும் இடத்தில் ஓர் எலும்புப் பட்டை உண்டு. அந்த இடத்தில் பழைய கிட்டார்களின் கழுத்து சற்று அகலம். பின்னால் வந்த ஆண்டுகளில், பிடிக்க எளிதாக இருக்கட்டும் என்று கம்பெனி அதை அரை நூல் மெலித்துவிட்டது. மதுக்கரைக்காரர் சொன்னது அதைத்தான். நான் கேட்டதோ, தொங்குகிற அரை நூலை.

வாசலில் நின்றிருந்த மாமா உள்ளே வந்தார். “அக்கா, நான் எடுத்தனா?” என்றார்.

“நீ எடுத்தேன்னு நான் சொன்னனா?”

“எடுக்கலைன்னும் சொல்லலியே.”

அம்மா ரசத்தை அப்பா தட்டில் ஊற்றினார். மாமா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, அம்மா பக்கத்து வீட்டில் இருந்தார். நான் அலமாரியிலிருந்து டார்ச் விளக்கை எடுத்தேன். போர்வையை விலக்கி, கம்பிகளுக்கு அடியில் இருக்கும் வட்டத் துளையில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் பார்த்தேன். பழைய மரத்தின் வாசனை முகத்தில் அடித்தது. வெறும் பலகை, குறுக்குச் சட்டங்கள், தூசு. பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தேன். உள்வளைவில், பழுப்பேறிய ஒரு துணிப்பட்டை ஒட்டியிருந்தது. அதன் ஓரம் பிசிர்ந்து, ஒரு நூல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முழு நூல் அல்ல. பாதி.

ஞாயிறு வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற எட்டாவது கட்டளையை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாமா எடுத்திருக்கிறார். எலுமிச்சைத் தோலால் கை கழுவுகிற மாமா எடுத்திருக்கிறார். சனிக்கிழமை அவர்கள் வந்து, இதே துளையில் இதே போல் பார்ப்பார்கள். பிறகு ஒரு போலீஸ் ஜீப் வரும். அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

அம்மாவின் குரோஷா ஊசியை எடுத்து வந்தேன். இரண்டு கம்பிகளுக்கிடையே அதை விட்டு, கொக்கியில் அந்த நூலைச் சிக்க வைப்பதற்குள் உள்ளங்கை வேர்த்து ஊசி இரண்டு முறை வழுக்கியது. ஒருமுறை கம்பியில் பட்டு, அது ‘ம்ம்’ என்று முனகியது. யாராவது கேட்டிருப்பார்களோ என்று உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நூல் சிக்கியதும் இழுத்தேன். நூலோடு நின்றுவிடும் என்று எண்ணியது தவறு. துணியும் கூடவே வந்தது, காய்ந்த பசை படபடவென்று பெயர, ஒரு சாண் நீளத்துக்கு. கடைசியாக வெளியே வந்தபோது மரத்துக்குள்ளிருந்து பல்லி சொல்வது போல ஒரு சத்தம் கேட்டது. கெட்ட சகுனம் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் நான் கூரையைப் பார்த்தேன். பல்லி இல்லை.

துணியை என் தலையணையின் தையலைக் கொஞ்சம் பிரித்து இலவம்பஞ்சுக்குள் திணித்தேன். பஞ்சுக்குள் நூலை யார் தேடுவார்கள் என்று ஒரு சாமர்த்தியம். ஆனால் இரண்டு நாளும் தலை வைத்துப் படுத்தபோது அது கன்னத்தில் கட்டியாக உறுத்தியது. வெள்ளிக்கிழமை மாமா பட்டறையிலிருந்து வரும்போது எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வந்தார். வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை. அதுவும் எடுத்ததாக இருக்குமோ என்று தோன்றியது.

“என்ன அம்மணி, மூஞ்சி இப்படிச் சுண்டிப்போயிருக்குது? காய்ச்சலா?” என்று மாமா என் நெற்றியைத் தொட வந்தார். நான் பின்வாங்கினேன். அவர் கை வந்த வழியே திரும்பிப் போனது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஆயர், செயலர், நடுவே மதுக்கரைக்காரர். குள்ளமான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் நாலு பென்சில். “தோத்திரமுங்க” என்று எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டார். சாப்பாட்டு மேசையில் படுக்கை விரிப்பை மடித்துப் போட்டு, இரண்டு கிட்டார்களையும் பக்கம் பக்கமாகக் கிடத்தினார்கள்.

மாமா தன்னுடைய வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தார். செயலர் தொண்டையைக் கனைத்தார். “வெளி அளவுகோலா இருந்தா நல்லதுங்களே.”

“இரும்புங்க அது. அதுக்கு மச்சான் மாப்பிள்ளை எல்லாம் தெரியாது,” என்றார் மாமா. ஆயர் சிரிக்க ஆரம்பித்து, யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். மதுக்கரைக்காரர் தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

ஆனால் அளவெடுப்பதற்கு அவர் அவசரப்படவில்லை. ஒரு வைத்தியர் இரண்டு நோயாளிகளைப் பார்ப்பது போல, முதலில் சும்மா பார்த்தார். மேற்பலகையின் நிறத்தைப் பார்த்தார். “வயசான மரம் தேன் கலருக்கு வந்திருக்கோணும். இவரு மெருகு போட்டு ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாரு,” என்று மாமாவைச் செல்லமாகக் கடிந்தார். துளையருகே குனிந்து முகர்ந்தார். கம்பியை முறுக்கும் திருகாணிகளைச் சுற்றினார். நகத்தால் முதுகைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு பல் வைத்தியர் கண்ணாடி போன்ற ஒன்றை எடுத்தபோது, நான் அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எங்கள் கிட்டாருக்குள் கண்ணாடியை விட்டார். சீட்டு ஒட்டியிருந்த தடத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார்.

கடைசியில் வெர்னியரின் அலகு கழுத்தைக் கவ்வியது. சபைக் கிட்டாரை அளந்து ஓர் எண்ணை நோட்டில் எழுதினார். எங்களுடையதை அளந்தார். எழுதவில்லை. மறுபடி அளந்தார். செயலரை அழைத்து அவர் கண்ணாலேயே பார்க்கச் சொன்னார்.

“அரை நூல் கம்மிங்க,” என்றார். “இது பின்னால வந்ததுதான். சபையோடது சபையிலதான் இருக்குது.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். செயலர் மாமாவின் இரண்டு கையையும் பிடித்து, “மனசுல வெச்சுக்காதீங்க தம்பி” என்றார். எல்லோரும் பெருமூச்சு விட்ட அந்த அறையில் நான் மட்டும் அம்மா விட்டுப்போன இடத்திலேயே நின்றேன். அரை நூல் கம்மி. கம்மியாகத்தானே இருக்கும்? அதுதான் என் தலையணைக்குள் இருக்கிறதே.

மதுக்கரைக்காரர், “சும்மா சத்தத்தையும் கேட்டுருவோம்” என்று சபைக் கிட்டாரை மீட்டினார். அடுத்து எங்களுடையதை. வாசித்ததும், சுருதியோடு சேர்ந்து உள்ளே ஒரு குளவி புகுந்தது போல ரீங்காரம் கேட்டது. மாமாவின் முகம் மாறியது. கிட்டாரை வாங்கிப் பக்கவாட்டில் விரலால் தடவினார். அந்தக் கண்ணாடியை இரவல் வாங்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, அறையில் இருந்த பெரியவர்கள் யாரையும் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்தார்.

“விரிசல் உட்டிருக்குதுங்களா?” என்றார் மதுக்கரைக்காரர்.

“வெயிலுக்கு விரிஞ்சிருக்குமுங்க,” என்றார் மாமா.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் அவர் கம்பிகளைக் கழற்றினார். தகர டப்பாவில் வச்சிரப் பசையை வெந்நீரில் வைத்து உருக்கினார். தன் பழைய வேட்டியிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்தார். “டார்ச்சப் புடி கண்ணு,” என்று என்னைக் கூப்பிட்டார். போனேன். போகாமலிருக்க எனக்குத் தைரியம் இல்லை.

“போன மழைக்கு இந்தப் பக்கம் விரிசல் உட்டுச்சு. நான்தான் துணி வெச்சு ஒட்டிப்போட்டேன். ஒட்டலீன்னா முழுசாப் பொளந்துக்கும்.” இதை ஏன் எனக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அகப்பட்டுக்கொண்டவர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்றும் நினைத்தேன். அவர் துணியில் பசையைத் தடவினார். அதன் ஓரத்தில் நூல்கள் பிசிர்ந்து தொங்கின. அதைப் பார்த்ததும் மூன்று நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது.

“வேண்டாம் மாமா. மறுபடியும் நூல் வெச்சா அவங்க வந்து கண்டுபுடிச்சுருவாங்க.”

பசைக்குச்சி அந்தரத்தில் நின்றது. “எதைக் கண்டுபுடிப்பாங்க?”

“நீங்க எடுத்ததை.”

டப்பாவிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். அது இரண்டு முறை கத்தியது. மாமா குச்சியை டப்பாவில் வைத்தார்.

“நீ எப்ப உருவுன அதை?”

“வியாழக்கிழமை.”

“பயமா இல்லியா?”

“இருந்துச்சு,” என்றேன். அழுதுகொண்டிருந்தேன். “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா. அம்மாகிட்டக்கூட.”

நான் எடுக்கவில்லை கண்ணு என்று அவர் அப்போது சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாக அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் அளவுகோல் வரட்டும் என்று காத்திருந்தார்கள். என்னிடம் அவர் சொல்லவில்லை. அரை நூல் என்றால் என்ன என்றும் விளக்கவில்லை. “சரி, சொல்ல வேண்டாம்,” என்று மட்டும் சொன்னார். கையை உள்ளே விட்டுத் துணியை விரிசலின் மேல் வைத்து அழுத்தினார். “நீ வெளிய கையை வெச்சு அமுத்திப் புடிச்சுக்கோ. பசை இறுகற மட்டும் எடுக்கக் கூடாது.”

டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்தேன். இவ்வளவு மெல்லிய பலகையா என்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவர் விரல்கள் நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது. தப்பித்துவிட்ட பிறகும் திருடர்களுக்குப் பயம் விடாது போலிருக்கிறது என்று எண்ணி, அந்த நடுக்கம் நிற்கட்டும் என்று நான் இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.